தைக்குள் பூக்க வேண்டும்

பூ கேட்டது என் மகள்தான். கேட்ட அன்று எங்களுக்குள் பேச்சு நின்று ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவள் சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் வேறு சாதி. நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் அவ்வளவுதான். வேலை நிரந்தரமில்லை, அவசரப்படுகிறாய், இரண்டு பேருக்கும் குணம் ஒத்துவராது என்று வேறு வேறு பெயர் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பெயர் வைத்தாலும் பிள்ளை ஒன்றுதான். இப்போது எழுதும்போதாவது மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மறைப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

என் கணவர் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரே மாதத்தில் சமாதானமாகிவிட்டார். மகளோடு போனில் பேசுவார். என்ன பேசினார் என்று நான் கேட்கமாட்டேன், அவரும் சொல்லமாட்டார். அவர் என்னோடு சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். சண்டை போடாத மனிதரோடு வீம்பு பிடிப்பது சுவரோடு பேசுகிற வேலை.

ஆவணியில் ஒரு சாயங்காலம் அவர் பேசிக்கொண்டிருந்த போனை அப்படியே என் காதில் வைத்தார். மகள் நலம் விசாரிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தை கடைசி முகூர்த்தத்துல கல்யாணம்மா. மேடைக்கு நம்ம தோட்டத்துப் பூதான் வேணும். வளத்துக் குடுப்பியா?"

வருவாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லிப் போனைக் கொடுத்திருப்பேன், பதில் தயாராகத்தான் இருந்தது. பூ வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? என்ன நிறம் என்று கேட்டேன். வெள்ளையும் வெளிர் ரோஸும் என்றாள். சரி என்றுவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது அன்றைக்குத்தான்.

எங்கள் வீடு ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகும் வழியில், ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கவாட்டில் கல் அடுக்கிக் கட்டிய நான்கு குறுகலான பாத்திகள், படி மாதிரி ஒன்றின் கீழ் ஒன்று. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவற்றில் பூ வளர்க்க ஆரம்பித்தேன். சாமிக்கும் தலைக்கும் வைக்கிற பூ எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. நான் வளர்த்தது நீளக் காம்போடு வெட்டி ஜாடியில் வைக்கிற பூ. தொடுக்கவும் முடியாது, சூடவும் முடியாது, இதுக்கு எதுக்கு எரு என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் ஓய்வு பெற்றவளுக்கு நியாயமான வேலைகள் போரடித்துவிடுகின்றன.

இந்தப் பூக்களில் குளிரை விரும்புகிற ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு பருவம் மட்டும் இருந்துவிட்டுப் போகிற செடிகள். வெயில் காலத்தில் விதைத்தால் சாண் உயரத்திலேயே அவசரமாகப் பூத்து ஓய்ந்துவிடும். புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி மழையில் வேர் பிடிக்க வைத்து, கார்த்திகை மார்கழிக் குளிரில் அதன் போக்கில் விட்டால் தையில் முழ நீளக் காம்போடு எழும்பி நிற்கும். உறைபனி கொட்டுகிற நாடுகளில் அந்தக் குளிரிலேயே கிடந்து பிழைத்துக்கொள்ளுமாம். எங்கள் மலையில் அவ்வளவு குளிர் கிடையாது. இங்கே செடியைக் கொல்வது மழையும், நாள்கணக்கில் விலகாத மூடுபனியும், அந்த ஈரத்தில் வருகிற அழுகலும்தான். விதைப் பொட்டலத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

மூன்று வகை விதை தபாலில் வரவழைத்தேன். கார்ன்ஃப்ளவர், ஸ்வீட் பீ, ஸ்நாப்டிராகன். மூன்றாவதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாய்ப்பூ என்பார்கள். பூவின் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தினால் வாயைத் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ஒரு காம்பில் அடியிலிருந்து நுனிவரை இப்படி வாய்கள் அடுக்கியிருக்கும், அடியில் இருப்பது முதலில் மலரும். கல்யாண மேடைக்கு அதைவிட நல்ல பூ இல்லை என்று நினைத்தேன்.

அதன் விதை தூசியிலும் தூசி. மூச்சு விட்டால் பறந்துவிடும். பல்குச்சி முனையை ஈரப்படுத்தி, ஒவ்வொரு விதையாகத் தொட்டெடுத்துக் குழித்தட்டில் வைக்க வேண்டும். மேலே மண் போடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதற்குமேல் இவருடைய பேப்பர் படிக்கிற லென்ஸையும் பிடித்துக்கொண்டு, இருநூறு விதை வைத்தேன். எழுந்திருக்கும்போது முதுகு மடங்கினபடியே நின்றுவிட்டது. இவர் வந்து தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். யாருக்காக என்று அவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாளில் முளைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானாகவே மகளுக்குப் போன் செய்தேன். முளைத்துவிட்டது என்றேன். எத்தனை என்று கேட்டாள். நூற்று எழுபது இருக்கும் என்றேன். சரிம்மா என்றாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை, வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு, தட்டில் நாற்று அழுகி இருபது போய்விட்டது என்று சொல்ல அழைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு, இன்னும் கொஞ்சம் போய்விட்டது என்று சொல்ல. இப்படியே அது பழக்கமாகிவிட்டது. பூவைத் தவிர நாங்கள் வேறு எதுவும் பேசவில்லை. அவள் என்ன சாப்பிட்டாள் என்றுகூட நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை பெயரை அவள் எடுத்ததில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்ன்ஃப்ளவரை நேராகப் பாத்தியில் விதைத்திருந்தேன், ஒரு ராத்திரி மழையில் மண்ணோடு வழிந்து கீழ்ப் பாத்திக்குப் போய்விட்டது. ஸ்வீட் பீயைப் பந்தல் போட்டு ஏற்றிவிட்டிருந்தேன். விடியற்காலையில் காட்டுமாடு ஒன்று வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து, பந்தலோடு சேர்த்து மிதித்து, நிதானமாக மறுபக்கம் இறங்கிப் போயிருந்தது. அதைத் திட்டுவதற்குக்கூட எனக்குச் சலிப்பாக இருந்தது. மிஞ்சியது வாய்ப்பூ மட்டும். நூற்றிருபது செடி. கல்யாணத்துக்கு அது போதும் என்று கணக்குப் போட்டேன், ஒரு செடிக்கு நாலு காம்பு வந்தாலே மேடை நிறைந்துவிடும்.

எனக்கு ஒத்தாசைக்குத் தலைச்சோலையிலிருந்து ஓர் அம்மாள் வருவார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். முப்பது வருஷமாக எஸ்டேட் வேலை. காபிப் பழம் எடுக்கிற பருவம் என்பதால் மற்ற நாளெல்லாம் எஸ்டேட்டுக்கே போய்விடும், ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கு. ஆறு நாள் கூடை சுமந்த உடம்போடு ஏழாம் நாள் என் பாத்தியில் வந்து குனிவார். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. இரண்டு பேருக்கும் இடுப்பு வலி, அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேசுவோம். மகள் கல்யாணத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரிடம் என்ன, மலையில் யாரிடமும் சொல்லவில்லை. பூ எதற்கு இவ்வளவு என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, சும்மாதான் என்றேன்.

கார்த்திகை பிறந்தபோது செடிகள் நாலு ஜோடி இலை விட்டு நின்றன. அதுதான் நுனி கிள்ளுகிற பதம். கிள்ளாமல் விட்டால் ஒற்றைத் தண்டு எழும்பி ஒற்றைப் பூங்கொத்தோடு முடிந்துவிடும். நடுக்குருத்தைக் கிள்ளினால் ஒவ்வொரு இலைக்கணுவிலிருந்தும் பக்கக் கிளை கிளம்பும். அந்தக் கிளைகள்தான் மொத்த மகசூலும். நன்றாக வளர்கிற செடியின் தலையைக் கிள்ளச் சொன்னால் வேறு யாராயிருந்தாலும் அய்யோ என்பார்கள். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. காபிச் செடிக்கு உயரம் பார்த்துத் தலையை ஒடிப்பது அவருக்குக் கைப்பழக்கம்.

"இதுவும் கவாத்து மாதிரிதானுங்களா?" என்று கேட்டார்.

"கவாத்து மாதிரிதான்" என்றேன்.

அன்றைக்கு எனக்குக் காலையிலிருந்தே உடம்பு கணகணவென்று இருந்தது. கவாத்து மாதிரி எதுவரை, அதற்குப் பிறகு எப்படி வேறு என்று உட்கார்ந்து விளக்க வாய் வரவில்லை. இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டேன். இரண்டு பேருமாகச் சாயங்காலத்துக்குள் நூற்றிருபதையும் கிள்ளி முடித்தோம்.

அன்றிரவே காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள் படுக்கை. இடையில் வந்த ஞாயிறுகளில் அந்த அம்மாள் வந்து, வாசலில் நின்றே என்னை விசாரித்துவிட்டு, தானாகவே பாத்திக்குப் போய் வேலை பார்த்துவிட்டுப் போனார். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, களையெல்லாம் எடுத்து நொம்ப சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார். படுத்துக்கொண்டே மகளுக்குப் போன் செய்து, செடி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். காய்ச்சல் என்று சொல்லவில்லை.

மார்கழிக்கு முந்தின வாரம் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு களை இல்லை. மண் கொத்தி அணைத்து, தண்ணீர் ஓடுவதற்குச் சின்ன வாய்க்கால்கூட இழுத்திருந்தது. வரிசையாக நூற்றிருபது மொட்டைக் குச்சிகள், குச்சிக்கு எட்டு இலை. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு இலைக்கணுவிலும், கிளம்பி வந்த பக்கக் கிளையை அடியோடு ஒடித்த தழும்பு. சில காய்ந்திருந்தன, சில இன்னும் ஈரமாக இருந்தன. ஒரு செடிகூடத் தப்பவில்லை.

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காபியில் தலையை ஒடித்த பிறகு தண்டிலிருந்து செங்குத்தாகச் சிம்பு கிளம்பும். அது செடியின் சத்தைத் தின்னுமே தவிரக் காய்க்காது. சிறிதாக இருக்கும்போதே ஒடித்துவிட வேண்டும். ஒரு வரிசையில் நாலு சிம்பை விட்டுவிட்டால் மேஸ்திரி எல்லார் முன்னாலும் கத்துவார். முப்பது வருஷம் அந்தக் கத்தலுக்குப் பயந்த கை, என் பாத்தியில் சிம்பைப் பார்த்ததும் சும்மா இருக்குமா? கவாத்து என்று சொன்னவள் நான்.

பாத்திக் கரையில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது நிம்மதி. எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் வந்தது. இனி பூ இல்லை. பூ இல்லாவிட்டால் நான் போக வேண்டியதில்லை. போகாததற்குச் சாதியைச் சொல்ல வேண்டாம், வீம்பைச் சொல்ல வேண்டாம். வாக்குக் கொடுத்த பூவை வேலைக்கு வந்தவர் கெடுத்துவிட்டார், வெறுங்கையோடு எந்த முகத்தோடு வருவது என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று மாதமாக உள்ளே ஒரு மூலையில் இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. மழைக்கு விதை போனபோதும், மாடு மிதித்தபோதும் எனக்குச் சலிப்பு மட்டும்தான் வந்தது, கோபம் வரவில்லை. அதற்கும் காரணம் இதுதானோ என்னவோ.

மகளுக்கு உடனே போன் செய்தேன். ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் அந்த அம்மாள் ஒடித்துப்போட்டுவிட்டார் என்றேன். கவாத்து என்று நான் சொன்னதைச் சொல்லவில்லை. "சரிம்மா" என்றாள். எப்போதும் சொல்கிற அதே சரிம்மா. பரவாயில்லை, நீ மட்டும் வா என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். சொல்லாமல் வைத்துவிட்டாள், அதுவும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்தார். நான் எழுந்து நடமாடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பாத்தியைக் காட்டி, இது என்ன வேலை என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் உயர்த்தாமல் பேசியே ஆளை நோகடிக்க எனக்குத் தெரியும், முப்பத்திரண்டு வருஷ அலுவலகப் பழக்கம். அந்தக் கிளையில்தான் பூவே வரும் என்றேன். அவர் ஒரு செடியின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்கம்மா, நீங்கதானுங்களே கவாத்து மாதிரின்னு சொன்னீங்க. சிம்பு ஒடிக்காத கவாத்து எங்கீங்க இருக்குது?"

யாருக்கு வேண்டிய பூ என்று அவர் கேட்டார். சும்மாதான் என்று இந்த முறை சொல்ல முடியவில்லை. மகள் கல்யாணம், தை கடைசி, மேடைக்குப் பூ கேட்டாள் என்று சொன்னேன். பையன் வேறு சாதி என்பதையும் சொன்னேன். ஊரில் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கண்ணாலத்துக்குங்களா? ஒரு வார்த்த சொல்லலீங்களே. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கமாட்டேனே" என்றார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "அப்படீன்னா பூவு வரலீன்னா நீங்க போகமாட்டீங்களாட்டம் இருக்குது?" என்றார்.

நான் உள்ளே போய்க் காபி போட்டேன். காபி போடத் தேவை ஒன்றும் இல்லை, அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அவர் தொழுவத்து மூலையில் கிடந்த பழைய டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தார். சாணியும் புண்ணாக்கும் கரைத்துப் புளிக்கவிட்டு, தெளிவை எடுத்து வேரில் ஊற்றலாம் என்றார். காபியில் எவ்வளவு மொட்டையடித்தாலும் அடியிலிருந்து மறுபடி வெடிக்குமாம். இது காபியில்லையே என்றேன். செடிதானே என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை, அதைவிட, விருப்பம் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு ஞாயிறு மட்டும் என்பது போய், வாரத்தில் இரண்டு மூன்று நாள் எஸ்டேட்டுக்குப் போகும் வழியில் விடியும்போதே வந்துவிடுவார். மார்கழிப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கால்மணி நேரம் தண்ணீர் விட்டுவிட்டுப் போவார். கூப்பிடவும் மாட்டார். டிரம்மில் குவளை இடிக்கிற சத்தம் கேட்டு நான் எழுந்து போவேன். ஒடித்த கை தன்னுடையது என்பதால் வருகிறார் என்று தெரியும். அவர் குனிந்து ஊற்றும்போது நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிற்பதா? நானும் குவளையை எடுப்பேன். முழங்காலில் உயிர் போகும். மூன்றாவது வாரம், மண்ணை ஒட்டிய கணுக்களிலிருந்து கடுகு மாதிரிப் பச்சை முளைத்தது. எல்லாச் செடியிலும் இல்லை, பாதிக்கும் குறைவு. அதைப் பார்த்து அவர் சிரித்தார். நான் சிரிக்காமல் அடுத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மகளுக்குப் போன் செய்தேன். மறுபடி வெடித்திருக்கிறது என்றேன். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது, அதையும் சொன்னேன். தப்பு அந்த அம்மாள்மேல் இல்லை, சொன்ன லட்சணம் என்னுடையது. "சரிம்மா" என்றாள். அந்த முறை அவளாகவே, "பனி நெறயா இருக்குதா? சுடுதண்ணில குளி" என்றாள்.

பொங்கல் வந்து போனது. செடிகள் மெலிந்த கிளைகளோடு எழும்பின. ஒரு செடிக்கு ஒன்று, சிலதில் இரண்டு. இன்னும் மூன்று வாரம் கிடைத்தால் மேடைக்குக் காணும். மூன்று வாரம் இல்லை, பத்து நாள்தான் இருந்தது. மொட்டு கட்டி, பச்சையாக, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றன. நான் தினமும் போய் விரலால் அழுத்திப் பார்ப்பேன். எப்போது மலரும் என்று பார்த்தேனா, மலராமலே போகாதா என்று பார்த்தேனா, இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டும்தான்.

இவர் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே கீழே போய்விட்டார். கிளம்பும்போது, குப்பனூர் வழியாகப் போகிற பஸ் காலை எட்டு மணிக்கு, மண்டபம் அந்த ரோட்டில்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நீ வருவாயா என்று அவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் என்னை எதையும் கேட்பதில்லை.

வரவேற்புக்கு முந்தின நாள் சாயங்காலம் கத்தரியோடு பாத்திக்குப் போனேன். வெட்டலாம் என்று சொல்லக்கூடிய காம்புகள் இருபத்திரண்டு இருந்தன. அடியில் நாலைந்து பூ மலர்ந்து, மேலே எல்லாம் பச்சை மொட்டு. வெள்ளை பதினாலு, ரோஸ் எட்டு. வெட்டினேன். வெட்டிவிட்ட பிறகு போகாமல் இருக்க முடியாது. ஈரத்துணியில் சுற்றி, அதன்மேல் வாழையிலை வைத்துக் கட்டி, அட்டைப்பெட்டியில் படுக்க வைத்தேன். சந்தையிலிருந்து மல்லிகை வாங்கி வந்தால் செய்கிற மாதிரி. அசதியில் கை தன் பழக்கத்துக்குச் செய்துவிட்டது. இந்தப் பூவைப் படுக்க வைக்கக் கூடாது. படுக்க வைத்தால் நுனி வெளிச்சம் எங்கே, வானம் எங்கே என்று தேடி மேல்நோக்கி வளைந்துவிடும், பிறகு நிமிராது. வாளியில் நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். பத்து வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம் அது. மற்றவர் கைப்பழக்கத்தைக் குறை சொன்னவள் நான்.

பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். பூவைக் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் வரவேற்பில் எல்லாரும் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். காலையில் தாலி கட்டியதும் அடுத்த பஸ் பிடித்துவிட வேண்டும். அங்கே ஒரு வாய் சாப்பிடக் கூடாது. இரண்டு வேளைக்கு ஆகிற மாதிரி பிஸ்கட்டும் வாழைப்பழமும் பையில் வைத்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு, கீழே இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றி, முந்தானையால் விசிறிக்கொண்டு, இவ்வளவும் யோசித்தேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடை தெரிந்தது. முழுக்கப் பூ. வெள்ளையும் வெளிர் ரோஸும். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஜெர்பராவும் கார்னேஷனும், நான் பெயர் அறியாத இன்னும் என்னென்னவோ, சுவர் உயரத்துக்கு அடுக்கி முடித்து, இரண்டு பையன்கள் ஏணிமேல் நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நின்ற அலங்காரக்காரர் என் பெட்டியைத் திறந்து பார்த்தார். இருபத்திரண்டு காம்பும் தூண்டில் முள் மாதிரி வளைந்து கிடந்தன. சிலதில் மலர்ந்த பூக்களும் உதிர்ந்திருந்தன. இத எங்கீங்க வைக்கிறது என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

மகள் உள்ளே மணப்பெண் அறையில் இருந்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரை மருதாணி, காய்வதற்காகக் கைகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். ஏறக்குறைய ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவளை நேரில் பார்க்கிறேன். நான் கேட்ட முதல் கேள்வி, வெளியே இருக்கிற பூவை எப்போது சொன்னாய் என்பது.

"ஆவணிலயேம்மா" என்றாள்.

"நான் வெதை போடுறதுக்கு முந்தியேவா?"

"உங்கிட்டப் பேசுன அன்னிக்கே."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. இருநூறு விதையைப் பல்குச்சியால் வைத்ததும், காய்ச்சலும், மார்கழிப் பனியில் எனக்காக இன்னொருத்தி வந்து நின்றதும் எல்லாம் வெறும் விளையாட்டுக்கா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"பூ வருமா வராதான்னு நான் பாக்கவே இல்லம்மா. பூன்னு ஒண்ணு இருந்தா நீ போன் பண்ணுவே. வாராவாரம் பண்ணினியே. எத்தன மொளச்சிருக்குது, எத்தன செத்துருச்சுன்னு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

அறையில் இருந்த மற்றப் பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். நான் அவள் எதிரில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பூ வரவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன் கண்ணு."

"தெரியும்மா" என்றாள். "ஒடிச்சுட்டாங்கன்னு சொன்னியே, அன்னிக்கு உன் கொரல் எவ்வளவு தெம்பா இருந்துச்சு தெரியுமா? மூணு மாசத்துல அன்னிக்குத்தான் நீ நல்லாப் பேசுனே."

அப்போது கதவு திறந்தது. மாப்பிள்ளையின் தாயாராகத்தான் இருக்க வேண்டும், என் வயதுதான், என்னைப் போலவே களைத்த முகம். ஒரு தட்டில் சோறும் குழம்பும் பொரியலும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "காலையில இருந்து புள்ள ஒண்ணும் சாப்பிடலீங்க. மருதாணிக் கையி. நீங்க ஊட்டி விடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் யார் என்று கேட்காமலே போனார்.

தட்டை மடியில் வைத்துப் பிசைந்தேன். அவள் வாயைத் திறந்தாள். நல்ல பசி. மென்று முடிப்பதற்குள் அடுத்த வாய்க்குத் தயாரானாள். பொரியலில் உப்பு கம்மி என்றாள். இருக்கும் என்று சொல்லி, நான் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் கல்லூரியைப் பற்றி ஏதோ சொன்னாள். அப்பாவுக்குக் கீழே வந்ததிலிருந்து தூக்கமில்லை என்றாள். வாடகைக்குப் பார்த்திருக்கிற வீட்டில் பின்பக்கம் கொஞ்சம் மண் இருப்பதாகச் சொன்னாள், வெயில்தான் அதிகம். நான் கேட்டுக்கொண்டே சோற்றை உருட்டினேன். இன்னும் வேணுமா என்றேன். போதும், நீ சாப்பிடு என்றாள்.

கை கழுவ எழுந்தேன். தட்டு காலியாக இருந்தது, என் வாயில் குழம்பின் புளிப்பு இருந்தது. பொரியலில் உப்பு கம்மிதான்.